123456 யாருக்குச் சொந்தம்? கசிந்த கடவுச்சொல் பட்டியலைக் கட்டற்ற மென்பொருளில் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

பலவீனமான கடவுச்சொல்லைத் தடுக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். நிரல் ஐந்நூறு வரிகூட வராது. கூடவே கசிந்த கடவுச்சொற்கள் வரிக்கு ஒன்றாகப் பத்தாயிரம் வரி கொண்ட ஒரு பட்டியல் கோப்பு. இரண்டையும் சேர்த்து ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸையும் மென்பொருள்களையும் தொகுத்துத் தருபவர்கள்) நிறுவத் தயாரான பேக்கேஜாக அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. நிரலில் குறை எதுவும் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் கோப்புக்குப் பதிப்புரிமை யாருடையது, எந்த உரிமத்தில் தருகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான். "இணையத்தில் கிடைத்தது" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. நான் எடுத்த இணையக் களஞ்சியத்தில் எம்ஐடி (உரிமக் குறிப்பை விடாமல் வைத்தால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் தளர்வான உரிமம்) என்று போட்டிருந்ததே என்று எழுதினேன். சரி, அந்தக் களஞ்சியக்காரருக்கு யார் கொடுத்தார்கள் என்று மறுகேள்வி வந்தது. வழியில் கிடந்த பையை எடுத்தவர் அதன்மேல் தன் பெயரை ஒட்டி நம்மிடம் கொடுத்தால், பை அவருடையது ஆகிவிடாது இல்லையா?

அப்புறம் சில வாரம் உட்கார்ந்து இதை முழுக்கத் தோண்டினேன். அதில் கிடைத்த வழியைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, பேக்கேஜ் கட்டுகிறவன். பெரிய நிறுவனத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

படி 1: பட்டியல் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். கணக்குத் தொடங்கும்போது மோசமான கடவுச்சொல்லை மறுப்பது ஒரு வேலை. சேமித்து வைத்த ஹாஷ்களை (கடவுச்சொல்லை நேராகத் திரும்பப் பெற முடியாதபடி கணித்து எடுத்த குறியீடுகளை) உடைத்துப் பார்த்துச் சோதிப்பது முற்றிலும் வேறு வேலை.

மறுப்பதற்கான பட்டியலுக்கு இன்று கிராக்கி அதிகம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டி, பயனர் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொல்லை, பலரும் பயன்படுத்துகிற அல்லது ஏற்கெனவே கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றது. அதிலிருந்து எல்லாத் திட்டங்களுக்கும் ஒரு பட்டியல் தேவைப்படுகிறது. ஆனால் இணையம் வழியாக ஊகித்துப் பார்க்கிறவனுக்குக் கிடைப்பது கொஞ்சம் முயற்சிகள்தான், அதனால் முதல் சில ஆயிரம், மிஞ்சினால் சில பத்தாயிரம் சொற்கள் போதும். ஒன்றரைக் கோடி வரியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. உடைக்கும் கருவி எழுதுகிறீர்களா? பட்டியலைச் சேர்க்காமலே விடுங்கள், பயனர் தன் பட்டியலைக் கொடுக்கட்டும். உங்கள் தலைவலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் மறுப்புப் பட்டியலுக்கு.

படி 2: நதிமூலம் பாருங்கள்

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், இந்த விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

சுற்றிவரும் பட்டியல்களில் பெரும்பாலானவற்றின் அடியில் நாலைந்து பழைய கசிவுகள்தான் இருக்கின்றன. முதன்மையானது ராக்யூ. சமூக வலைத்தளங்களுக்குச் சின்னச் சின்னச் செயலிகள் செய்து கொடுத்த அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தை 2009 டிசம்பரில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (தளத்தின் உள்ளீட்டுப் பெட்டி வழியே தரவுத்தளக் கட்டளையை நுழைக்கும் தாக்குதல்) மூலம் எடுத்தார்கள். சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள், எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. திரும்ப வருவதை நீக்கினால் சுமார் 1.43 கோடி. அதுதான் இன்று பாதுகாப்புச் சோதனைக்கான காலி லினக்ஸில் கூடவே வரும் புகழ்பெற்ற ராக்யூ கோப்பு. முதலிடம் 123456, சுமார் 2.9 லட்சம் பேர் அதை வைத்திருந்தார்கள்.

அடுத்தது பாதுகாப்பு ஆய்வாளர் மார்க் பர்னெட் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட ஒரு கோடிப் பட்டியல். பல கசிவுகளிலிருந்து கலந்து எடுத்து, எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற தடயத்தை நீக்கி, பொதுக்களத்துக்கு, அதாவது யாருக்கும் உரிமை இல்லாததாக, விட்டார். அப்படிச் செய்ததற்குத் தன்மேல் வழக்கு வருமோ என்று அவரே கவலைப்பட்டு நீளமாக எழுதியதும் உண்டு. பிற்காலப் பட்டியல்கள் பலவும் இந்த ஓடையில் தண்ணீர் எடுத்தவைதான். டிராப்பாக்ஸ் வெளியிட்ட கடவுச்சொல் வலிமை மதிப்பீட்டு நிரலான இசட்எக்ஸ்சிவிபிஎன்னின் கடவுச்சொல் வரிசை இந்த ஒரு கோடியிலிருந்து எண்ணி எடுக்கப்பட்டது, நிரல் முழுதும் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. ஜாங்கோ என்ற இணையதளக் கட்டமைப்பின் 1.9 பதிப்பில் நுழைந்த ஆயிரம் சொல் பட்டியலும் பர்னெட்டுடையதே. 2.1-ல் அதை மாற்றி, ராய்ஸ் வில்லியம்ஸ் தொகுத்த 20,000 சொற்களை வைத்தார்கள்.

உங்கள் கையில் உள்ள கோப்பு எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிட்டின் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றில் அந்தக் கோப்பு முதலில் நுழைந்த கமிட்டை, அதாவது மாற்றப் பதிவைத் தேடுங்கள், அதன் செய்தியில் பெரும்பாலும் ஒரு முகவரி இருக்கும். இல்லாவிட்டால் முதல் இருபது வரியைப் பாருங்கள். மனிதர்கள் தளத்தின் பெயரையே கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். "ராக்யூ" என்ற சொல்லே ராக்யூ பட்டியலின் முதல் பத்துக்குள் இருக்கிறது. உங்கள் கோப்பில் அது மேலே நின்றால் ஊற்று தெரிந்துவிட்டது. "லிங்க்ட்இன்" மேலே நின்றால் அதுவும் அப்படியே. கைரேகை மாதிரி. இது எனக்குப் பிடித்த வேலை, ஒரு சாயங்காலத்தையே இதில் தொலைத்திருக்கிறேன்.

கண்டுபிடித்ததை ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள்: எங்கிருந்து எடுத்தேன், எந்தத் தேதி, அப்போதைய கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பு (கோப்பை அடையாளம் காட்டும் ஹாஷ்) என்ன, அவர்கள் எங்கிருந்து எடுத்ததாகச் சொல்கிறார்கள். கடைசிப் படியில் இது தேவைப்படும்.

படி 3: உரிமையை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பாருங்கள்

"இந்தப் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் வராது. நான்கு அடுக்காகப் பிரித்தால் வரும்.

முதல் அடுக்கு, தனிக் கடவுச்சொல். தனிச்சொல்லுக்கும் சிறு தொடருக்கும் பதிப்புரிமை கிடையாது என்பதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் விதியாகவே வைத்திருக்கிறது, வேறு நாடுகளிலும் நடைமுறை பெரும்பாலும் இதுதான். 123456-ஐ எழுதியவர் நான்தான் என்று எவரும் உரிமை கோர முடியாது. ஒரே ஒரு ஓட்டை: நீளமான வாக்கியத்தைக் கடவுச்சொல்லாக வைப்பவர்கள் உண்டு, பாட்டு வரியை அப்படியே வைப்பவர்களும் உண்டு. 2009-ல் இன்ஃபோபாக் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், செய்தியிலிருந்து எடுத்த 11 சொல் துணுக்குகூட, எழுதியவரின் சொந்தப் படைப்புத் திறனைக் காட்டினால் பாதுகாப்புக்கு உரியதாகலாம் என்றது. பத்தாயிரம் வரியுள்ள மறுப்புப் பட்டியலில் இப்படிப்பட்டது வரவே வராது, ஆனால் ராக்யூ முழுக்கோப்பின் வாலில் வாக்கியங்கள் கிடக்கின்றன. நான் 24 எழுத்துக்கு மேல் உள்ள வரிகளை ஒட்டுமொத்தமாக வெட்டிவிடுகிறேன். அவ்வளவு நீளமான ஒன்றைப் பல ஆயிரம் பேர் ஒரே மாதிரி வைப்பது அபூர்வம், இழப்பு ஒன்றும் இல்லை.

இரண்டாவது அடுக்கு, தொகுப்பு. சொற்கள் யாருடையதாகவும் இல்லாமல் இருக்கலாம், அவற்றைத் தேர்ந்து வரிசைப்படுத்திய விதம் ஒருவருடையதாக இருக்க முடியும். இங்கேதான் 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபைஸ்ட் வழக்கு வருகிறது. ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம் தன் வட்டாரப் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது, ஃபைஸ்ட் அதிலிருந்து எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டது. ரூரல் திருட்டைப் பிடிக்கவென்றே சில போலிப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தது, அவற்றில் நான்கு ஃபைஸ்டின் புத்தகத்தில் அப்படியே வந்து நின்றன. எடுத்தது அப்பட்டமாகத் தெரிந்தும் ரூரல் தோற்றது. உழைத்தோம் என்பதற்காக உரிமை வராது, தேர்விலோ வரிசையிலோ சிறிதளவாவது சொந்தக் கற்பனை வேண்டும், அகர வரிசையில் பெயர்களை அடுக்குவதில் அது இல்லை என்றது நீதிமன்றம்.

இதைக் கடவுச்சொல் பட்டியலுக்குப் பொருத்துங்கள். "அதிகம் பேர் வைத்தது முதலில், குறைவாக வைத்தது பின்னால்" என்பது வெறும் எண்ணிக்கை. யார் எண்ணினாலும் அதே வரிசைதான் வரும், அதில் படைப்பு எங்கே இருக்கிறது? ஆனால் ஒருவர் தன் அனுபவத்தில் "இது வேண்டும், இது வேண்டாம்" என்று கையால் பொறுக்கி, தலைப்பு வாரியாகப் பிரித்து, விளக்கமும் சேர்த்திருந்தால் அந்தத் தேர்வுக்கு உரிமை இருக்க வாய்ப்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், பட்டியல் எவ்வளவு இயந்திரத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நமக்கு நல்லது.

மூன்றாவது அடுக்கை அமெரிக்காவை மட்டும் பார்க்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996-ன் 96/9 ஆணைப்படி தரவுத்தளத்துக்குத் தனி உரிமை ஒன்று இருக்கிறது. கற்பனை இருக்க வேண்டிய அவசியம் இல்லை, தரவைத் திரட்டவோ சரிபார்க்கவோ முன்வைக்கவோ கணிசமான முதலீடு செய்திருந்தால் போதும், 15 ஆண்டுகள் பாதுகாப்பு. கணிசமாகப் புதுப்பித்தால் புதுக் கணக்கு தொடங்கும். அந்த உரிமை ஐரோப்பியக் குடிமக்கள், அங்கே வசிப்பவர்கள், அங்கே அமைந்த நிறுவனங்களுக்குத்தான், ஆகவே அமெரிக்க நிறுவனமான ராக்யூ இதைக் கோர முடியாது. கசிந்த தளம் ஐரோப்பியத் தளமாக இருந்தால்? 2004-ல் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய வாரியம் வில்லியம் ஹில் மீது போட்ட வழக்கில், தரவை உருவாக்கச் செய்த செலவு கணக்கில் வராது, இருக்கும் தரவைத் தேடித் திரட்டச் செய்த செலவே கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பயனர்கள் பதிவு செய்யும்போது தானாகக் குவிந்த கடவுச்சொற்களைத் திரட்ட முதலீடு செய்தோம் என்று ஒரு தளம் சொல்வது கடினம் என்பது என் வாசிப்பு. ஆனால் பல கசிவுகளைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, சரிபார்த்த ஒரு ஐரோப்பியத் தொகுப்பாளர் கோர முடியும். ஆகவே ஐரோப்பாவிலிருந்து வரும் தொகுப்பு என்றால் அவருடைய உரிம வாசகத்தை இன்னொரு முறை படியுங்கள்.

நான்காவது அடுக்கு சின்னது: கோப்பின் தலையில் உள்ள விளக்கம், உள்ளே உள்ள குறிப்புகள், தொகுக்கும் நிரல். இவை ஒருவர் உட்கார்ந்து எழுதியவை, சாதாரணப் பதிப்புரிமை அப்படியே பொருந்தும்.

படி 4: உரிம வாசகத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

ஒரே மாதிரி இரண்டு கோப்புகளை எடுத்துக் காட்டுகிறேன். கடவுச்சொல் உடைக்கும் கருவியான ஜான் தி ரிப்பருடன் வரும் பட்டியலின் தலையில், சோலார் டிசைனர் (அதை எழுதியவரின் புனைபெயர்) 1996 முதல் 2011 வரை தொகுத்தது, இது பொதுக்களத்தில் இருப்பதாகக் கருதப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. கருதப்படுகிறது! நேர்மையான சொல். வலையமைப்பை ஆராயும் கருவியான என்மேப்புடன் வரும் பட்டியலின் தலையிலோ, இந்தத் தொகுப்பின் பதிப்புரிமை எங்களுடையது, என்மேப்பின் உரிமத்தில் தருகிறோம், தனியுடைமை மென்பொருளில் சேர்க்க வேண்டுமானால் வேறு உரிமம் விற்கிறோம் என்று இருக்கிறது. இரண்டிலும் 123456 உண்டு. என்மேப்காரர்களின் கோரிக்கை நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு விஷயம், ஆனால் அதே மாதிரிப் பட்டியல் வேறு இடத்தில் நிபந்தனை இல்லாமல் கிடைக்கும்போது நீங்கள் ஏன் போய் அந்தச் சண்டையில் தலையைக் கொடுக்க வேண்டும்?

இன்னொரு உதாரணம் கிராக்ஸ்டேஷனின் பெரிய பட்டியல், சுமார் 150 கோடிச் சொற்கள். அதில் விக்கிப்பீடியாவின் சொற்களும் கலந்திருக்கின்றன, சிசி பிஒய்-எஸ்ஏ 3.0 உரிமத்தில் (பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்) தருகிறார்கள். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து எம்ஐடி என்று ஒட்டி வெளியிட்டால் அவர்கள் கேட்டதை நீங்கள் மீறியதாகத்தான் தெரியும். பாதுகாப்புச் சோதனைக்கான பட்டியல்களைத் திரட்டி வைத்திருக்கும் செக்லிஸ்ட்ஸ் களஞ்சியம் மொத்தமும் எம்ஐடி. அந்த எம்ஐடி, தொகுத்தவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதைத்தான் உங்களுக்குத் தரும், உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்பின் பழைய சொந்தக்காரர் சார்பிலும் அல்ல. பயனற்றது என்று சொல்லவில்லை. தொகுத்தவர் நாளைக்கு வந்து உங்கள்மேல் வழக்குப் போட மாட்டார் என்பதற்கு அது உத்தரவாதம், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமான நிலைப்பாடு கசிவில் நம் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க உதவும், டிராய் ஹண்ட் நடத்தும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்துடையது. அங்கே கசிவுகளைப் பற்றிய தகவல் சேவைக்கு சிசி பிஒய் 4.0, பெயர் குறிப்பிட்டாக வேண்டும். கசிந்த கடவுச்சொற்களுக்கான போன்ட் பாஸ்வேர்ட்ஸ் பகுதிக்கோ உரிம நிபந்தனை, பெயர் குறிப்பிடும் கட்டாயம் எதுவும் இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே தளம், இரண்டு விதி. அவசரத்தில் மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

படி 5: பதிப்புரிமையை விடப் பெரிய பூதம்

உரிமத்தைப் பற்றியே மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை என்பது என் குறை. பட்டியலில் உள்ளவை மனிதர்கள் எழுதியவை. ராக்யூ கோப்பைத் திறந்து அட் குறி உள்ள வரிகளைத் தேடிப் பாருங்கள், மின்னஞ்சல் முகவரிகள் வரிசையாக வரும். தொலைபேசி எண் போன்ற இலக்கங்களும் முழுப் பெயர்களும் இருக்கின்றன. ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பார்வையில் ஒரு மனிதரை அடையாளம் காட்டும் எதுவும் தனிநபர் தரவு, அது திருடப்பட்டு ஊரெல்லாம் சுற்றியது என்பதால் அந்தத் தன்மை போய்விடாது. சிசி0 (எல்லா உரிமையையும் கைவிடும் அறிவிப்பு) என்றோ எம்ஐடி என்றோ எந்த உரிமத்தை ஒட்டினாலும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் அந்தரங்கம் பதிப்புரிமைக் கணக்கிலேயே வராத சமாச்சாரம்.

குற்றவியல் பக்கமும் உண்டு. பொதுவில் கிடைக்காத, சட்டவிரோதமாகப் பெறப்பட்ட தரவை வாங்கிப் பரப்புவதை ஜெர்மனி 2015-ல் தண்டனைச் சட்டத்தின் 202டி பிரிவில் குற்றமாக்கியது. பல ஆண்டுகளாக எல்லாரிடமும் உள்ள பட்டியலுக்கும் நேற்று கசிந்து மறைவாகச் சுற்றும் கோப்புக்கும் வித்தியாசம் இங்கேதான். இரண்டாவதைத் தொடவே வேண்டாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சோடியாக உள்ள எந்தக் கோப்பையும் களஞ்சியத்துக்குள் கொண்டு வராதீர்கள், தற்காலிகமாகக்கூட வேண்டாம். கிட் மறக்காது.

சுத்தம் செய்ய நான் வைத்திருக்கும் விதிகள்: அட் குறி உள்ள வரி வெளியே, 9 இலக்கத்துக்கு மேல் உள்ள எண் வெளியே (1234567890 போன்ற வெளிப்படையான வரிசைகளைத் தவிர), இணைய முகவரி போல் இருப்பது வெளியே. இவற்றை விட வலிமையான விதி ஒன்று இருக்கிறது, குறைந்தபட்ச எண்ணிக்கை. ஆயிரம் பேர் வைத்த கடவுச்சொல் எந்த ஒருவரையும் காட்டிக்கொடுக்காது. ஒரே ஒருவர் வைத்தது காட்டிக்கொடுக்கலாம். மறுப்புப் பட்டியலுக்கு அந்த ஒற்றைச் சொல் தேவையே இல்லை என்பதால், இங்கே பாதுகாப்பும் அந்தரங்கமும் ஒரே திசையில் இழுக்கின்றன.

படி 6: முடிந்தால் நீங்களே கட்டுங்கள்

கடைசியில் நான் வந்து சேர்ந்த வழி இது. கசிந்த கோப்பைத் தொடாமலே ஒரு நல்ல பட்டியலைக் கட்ட முடியும்.

போன்ட் பாஸ்வேர்ட்ஸ் சேவை கடவுச்சொற்களை எஸ்எச்ஏ-1 ஹாஷ்களாகவும், ஒவ்வொன்றும் எத்தனை முறை கசிவுகளில் வந்தது என்ற எண்ணிக்கையோடும் தருகிறது. ஹாஷின் முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்பினால், அதே தொடக்கம் உள்ள ஹாஷ்கள் எல்லாம் வரும், உங்களுடையது அதில் இருக்கிறதா என்று உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். 2018-ல் வந்த வசதி, நீங்கள் தேடுவது எது என்று சேவைக்கே தெரியாது.

இனி செய்ய வேண்டியது: முதலில் ஊகச் சொற்களை நீங்களே உற்பத்தி செய்யுங்கள். 4 முதல் 6 இலக்கம் வரை எல்லா எண்களும் ஒரு நிரல் வரியில் வந்துவிடும். விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து விசைகளை அழுத்தினால் வரும் கோலங்கள், பொதுக்களத்தில் உள்ள அகராதிச் சொற்கள், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் பெயர்கள், இவற்றின் வாலில் 1, 123, பிறந்த ஆண்டு போன்ற ஒட்டுகள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் கண்டு, எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒரு வரம்புக்கு மேல் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊகங்கள் பல லட்சம் ஆகிவிட்டால் சேவையை ஒவ்வொன்றாகக் கேட்டுத் துன்புறுத்தாதீர்கள், முழு ஹாஷ் தொகுப்பையும் இறக்கிக்கொள்ள அவர்களே ஒரு கருவி தருகிறார்கள்.

இதில் உள்ள அழகு என்ன என்றால், பட்டியலில் நுழைந்த ஒவ்வொரு சொல்லும் உங்கள் நிரல் உற்பத்தி செய்தது. கசிவிலிருந்து வந்தது "இது இத்தனை முறை தென்பட்டது" என்ற ஒரு எண் மட்டுமே, அதை வைத்து நீங்கள் சேர்த்தீர்கள் அல்லது விட்டீர்கள். முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சல் தவறி உள்ளே வர வழியே இல்லை. குறை என்று பார்த்தால், நீங்கள் ஊகிக்காத சொல் வராது. மக்கள் மனதில் என்னென்ன ஓடும் என்று ஒரு நிரலுக்குத் தெரியாதே. நான் என் பழைய பத்தாயிரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்டவை எந்த வகை என்று கவனித்து, அந்த வகையை உற்பத்தி செய்ய விதிகள் சேர்த்துக்கொண்டே போனேன். அலுப்பான வேலைதான், ஒரு முறை செய்தால் போதும்.

இப்படிக் கட்டியதை எந்த உரிமத்தில் வெளியிடுவது? எண்ணிக்கைப்படி வடிகட்டிய பட்டியலில் எனக்கே உரிமை இருக்கிறதா என்பது சந்தேகம், ஃபைஸ்ட் வழக்கு நமக்கும் பொருந்தும். ஆகவே எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதையும் விட்டுக்கொடுக்கும் சிசி0-ஐப் போடுகிறேன். அது ஐரோப்பியத் தரவுத்தள உரிமையையும் சேர்த்தே கைவிடுகிறது. கிரியேட்டிவ் காமன்ஸின் பொதுக்கள முத்திரை என்று இன்னொன்று உண்டு, அது ஏற்கெனவே உரிமை இல்லாததற்கு ஒட்டும் அறிவிப்புச் சீட்டு மட்டுமே, சட்டப்படி எதையும் விட்டுக்கொடுக்காது. குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபெடோரா என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ 2022-ல் நிரலுக்கு சிசி0 ஏற்பதை நிறுத்தியது, கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமையை (பேட்டன்ட்) பற்றி சிசி0 சொல்வது போதவில்லை என்பது காரணம். ஆனால் தரவு, ஆவணம் போன்றவற்றுக்கு இன்னும் ஏற்கிறார்கள். பட்டியலுக்கு சிசி0, கட்டும் நிரலுக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல் (மாற்றி வெளியிட்டால் மூலத்தையும் அதே உரிமத்தில் தரச் சொல்வது) என்று பிரித்துப் போடுவது எல்லா இடத்திலும் செல்லும்.

படி 7: எழுதி வையுங்கள், ஆனால் கோப்புக்குள் அல்ல

கடவுச்சொல் பட்டியலில் ஒரு வினோதச் சிக்கல்: எந்த வரியும் கடவுச்சொல்லாக இருக்கலாம். ஜான் தி ரிப்பர் தன் கோப்பில் குறிப்பு வரிகளுக்கு ஒரு தனி முன்னொட்டு வைத்திருக்கிறது, அது அந்த நிரலுக்குத் தெரியும். அதே கோப்பை வேறு நிரல் படித்தால் சோலார் டிசைனரின் பதிப்புரிமைக் குறிப்பே ஒரு தடைசெய்யப்பட்ட கடவுச்சொல் ஆகிவிடும். இதைப் பார்த்து யாராவது தலைக்குறிப்பை வெட்டிவிடுவார்கள், மூலத் தகவல் அங்கே தொலைந்துபோகும். சுற்றிவரும் அநாதைப் பட்டியல்கள் பல இப்படித்தான் அநாதை ஆனவை என்று நினைக்கிறேன்.

அதனால் பக்கத்துக் கோப்பில் எழுதுங்கள். ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் முறையில், அதே பெயரோடு லைசென்ஸ் என்ற பின்னொட்டுள்ள துணைக்கோப்பு ஒன்றை வைக்கலாம். டெபியன் டிஸ்ட்ரோ என்றால் பதிப்புரிமைக் கோப்பில் இந்தப் பட்டியலுக்குத் தனிப் பத்தி, அதில் குறிப்பு என்ற புலம். நான் எழுதியதன் சாரம்:

"இந்தப் பட்டியலின் சொற்கள் உடன் உள்ள நிரலால் உற்பத்தி செய்யப்பட்டவை. பொதுவில் கிடைக்கும் கசிவு எண்ணிக்கையில் வரம்புக்கு மேல் உள்ளவை மட்டும் வைக்கப்பட்டுள்ளன. தனிச் சொற்களுக்கும் எண்ணிக்கை வரிசைக்கும் பதிப்புரிமை இருப்பதாக ஆசிரியர் கருதவில்லை. இருந்தால் சிசி0 வழியாகக் கைவிடப்படுகிறது. எண்ணிக்கை எடுத்த தேதியும் வரம்பும் நிரலில் உள்ளன."

இரண்டாவது முறை அனுப்பியபோது இந்தப் பத்திதான் கதவைத் திறந்தது. பரிசீலிப்பவர்கள் தேடுவது குற்றமற்ற மூலத்தை அல்ல, நீங்கள் யோசித்திருக்கிறீர்களா என்பதற்கான தடயத்தை.

படி 8: எந்த வடிவில் கொடுப்பது

வெறும் உரைக்கோப்பே நல்லது. யாரும் திறந்து பார்க்கலாம், வேறுபாட்டை ஒப்பிடலாம். சிலர் ப்ளூம் வடிகட்டியாக (ஒரு சொல் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும், சிறிது தவறு வாய்ப்போடு சொல்லும் சுருக்க வடிவம்) மாற்றிச் சேர்க்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு தவறு என்ற கணக்கில் ஒரு சொல்லுக்குச் சுமார் 14.4 பிட் ஆகும், 20,000 சொற்களுக்கு 36 கிலோபைட்தான். செல்பேசிச் செயலிக்கு வசதி. ஆனால் அது இருமக் கோப்பு, அதைத் திருத்த முடியாது. ஜிபிஎல் பாஷையில் மூலம் என்பது திருத்துவதற்கு விரும்பப்படும் வடிவம், ஆகவே வடிகட்டியை மட்டும் கொடுத்துவிட்டு மூலத்தைக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. உரைப் பட்டியலையும் கட்டும் நிரலையும் சேர்த்தே வையுங்கள், பேக்கேஜ் கட்டும்போது வடிகட்டி பிறக்கட்டும். ஹாஷ்களாக மட்டும் கொடுப்பதும் இதே கதைதான், அந்தரங்கத்துக்குக் கொஞ்சம் உதவும். டிராய் ஹண்ட் ஹாஷாகத் தருவதற்கு அவர் சொன்ன காரணமே, உள்ளே தனிநபர் தகவல் இருந்தால் அது வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதுதான்.

பட்டியலை நிரலிலிருந்து பிரித்துத் தனி பேக்கேஜாக வைத்தால் இன்னொரு வசதி: நாளைக்கு யாராவது ஆட்சேபித்தால் பட்டியலை மட்டும் எடுத்துவிடலாம், நிரல் பிழைக்கும்.

படி 9: யாராவது வந்து கேட்டால்

இரண்டு விதக் கடிதம் வரலாம். "இது என் தொகுப்பு" என்று ஒருவர் எழுதினால் படி 2-ல் எழுதி வைத்த குறிப்பை எடுங்கள். நீங்கள் எடுத்தது அவரிடமிருந்துதான் என்றால் வாதாட வேண்டாம், அவர் பெயரைப் போடுங்கள் அல்லது அடுத்த பதிப்பில் மாற்றிவிடுங்கள். சட்டப்படி அவருக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் பத்தாயிரம் சொல்லுக்காக மூன்று மாதம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

"என் கடவுச்சொல் உங்கள் பட்டியலில் இருக்கிறது" என்று ஒருவர் எழுதினால், அது அவரை அடையாளம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் உடனே எடுங்கள், கிட் வரலாற்றிலிருந்தும் எடுங்கள், ஏன் வடிகட்டியில் தப்பியது என்று விதியையும் திருத்துங்கள். காட்டவில்லை என்றால் அவரோடு சேர்த்து இன்னும் பல ஆயிரம் பேர் அதையே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எண்ணிக்கையோடு பதில் எழுதுங்கள், அதே மூச்சில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். அவருடைய கடிதத்தைத் எல்லாரும் பார்க்கும் பிழைப் புகார்ப் பட்டியலில் அப்படியே ஒட்டிவிடாதீர்கள், அதில் அவர் பெயரும் இருக்கும், கடவுச்சொல்லும் இருக்கும்.